நிழலுக்குக் கூரை போட்டவர்கள்

சின்னராஜா தெருவின் தூங்குமூஞ்சி மரத்தைக் கானகா ஹோட்டல்காரர்கள் வேரோடு பெயர்த்து, சாக்கு சுற்றி, நீளமான லாரியில் படுக்கவைத்து, முன்னால் ஒரு போலீஸ் ஜீப்பும் பின்னால் ஒரு தண்ணீர் லாரியுமாக ஊர்வலம் கொண்டுபோன அன்று, மரத்தின் நிழல் மட்டும் கூடப் போகவில்லை. லாரி திருப்பத்தில் மறைந்து, புழுதி அடங்கி, மின்கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் டீ குடிக்கப் போன பிறகு பார்த்தால், மரம் நின்ற இடத்தில் ஒரு பெரிய பள்ளமும், பள்ளத்தைச் சுற்றித் தெருவை அடைத்துக்கொண்டு, எப்போதும்போலக் கிளைகிளையாக, இலையிலையாக, அந்த நிழலும் கிடந்தன. எந்த மரத்தடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது என்று காலையிலிருந்து கலங்கிக்கொண்டிருந்த இஸ்திரி வண்டிக்காரி பவுனம்மா, நிழலை ஒரு முறை பார்த்தாள், வானத்தை ஒரு முறை பார்த்தாள், பிறகு பெட்டியில் கரியை அள்ளிப் போட்டு விசிற ஆரம்பித்தாள். வக்கீல் வீட்டுச் சட்டைகள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது.

நாங்கள் அந்த மரத்துக்காகப் போராடினோம், சாலையில் படுத்தோம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஹோட்டல்காரர்கள் வீடு வீடாக வந்து, மரம் சாகப்போவதில்லை, கண்ணாடிக் கூரையின் கீழே, ஏசிக் காற்றில், வடிகட்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு சொகுசாக வாழப்போகிறது என்று சொன்னபோது, எங்களில் பாதிப் பேருக்கு மரத்தின் மேல் பொறாமைதான் வந்தது. தேங்காய்ச் சிரட்டையில் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். வாங்கி மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு மறந்துபோனோம். ஆட்டோ ஸ்டாண்டு காத்தமுத்து, மரம் கிரேனில் தொங்கியபோது அதற்கு முன்னால் நின்று பல்லைக் காட்டித் தன்னைப் படமெடுத்துக்கொண்டான். பவுனம்மா ஒருத்திதான் கத்தினாள். மரத்தின் மேல் இருந்த பாசத்தால் கத்தினாள் என்று எழுதினால் அவளே சிரிப்பாள். பிழைப்பு போகிறதே என்றுதான் கத்தினாள்.

ஏனென்றால் எங்கள் ஊர் இஸ்திரி வண்டிகளுக்கு எந்த சர்க்காரும் போடாத ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு மரத்துக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான். புருஷன் போனால் பெண்டாட்டிக்கு, அவளும் போனால் மருமகளுக்கு என்று மரம் கைமாறுமே தவிர, ஒருவர் மரத்தடியில் இன்னொருவர் வண்டி போய் நிற்காது. நின்றால் மறுநாள் வண்டி இருக்கும், சக்கரம் இருக்காது. ராயப்பேட்டை முழுக்கத் தேடினாலும் ஆளில்லாத மரம் என்று ஒன்று அகப்படாது. ஆக மரம் போனால் பவுனம்மாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கரி கனலும் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னை வெயிலில் நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான், அப்படி நின்று யாரும் ஒரு கோடையைத் தாண்டியதில்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நிழல் தங்கிவிட்டதால் அந்தக் கவலை விட்டது. நாங்களும் சீக்கிரமே பழகிக்கொண்டோம். வெயில் சாயச் சாய நிழலும் ஒழுங்காகச் சாய்ந்தது, காலையில் வக்கீல் வீட்டுப் பக்கம், மாலையில் மாவு மில் பக்கம். சாயங்காலம் தூங்குமூஞ்சி மரம் இலை கூம்பும் நேரத்துக்கு நிழலும் கூம்பி, சல்லடை சல்லடையாய்ப் போனது. இங்கே துளிக் காற்றில்லாத நேரத்திலும் அது சிலுசிலுவென்று ஆடியபோது, ஹோட்டலில் ஏசி போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டோம். காக்கைகள்தான் பாவம், அடைய வந்து, இல்லாத கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, கடைசியில் கம்பியில் உட்கார்ந்து இருட்டும்வரை எங்களைத் திட்டித் தீர்த்தன. வெள்ளிக்கிழமைகளில் மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கும் பெண்கள், மரத்தின் நிழலில் அடிமரம் எது என்று பார்த்துத் தரையில் பொட்டு வைத்தார்கள். கற்பூரத்தைக் கொளுத்துவதற்குள் வெயில் நகர்ந்து அடிமரம் தள்ளிப் போய்விடும், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள், மாலைக்குள் தெரு முழுக்கக் குங்குமமாகிவிடும். வீட்டுத் தரகர் ஒருவர் 'தண்ணீர் வசதி, நிழல் வசதி உண்டு' என்று சேர்த்துச் சொல்லி வாடகையை ஏற்றினார். மரத்தை எடுத்த இடத்தைப் பார்வையிட மாநகராட்சியிலிருந்து வந்தவர், அந்த நிழலிலேயே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மரம் இல்லன்னா நிழல் இல்லன்னுதான் நான் எழுத முடியும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளத்தை மூட ஆள் வருவார்கள் என்றும் சொன்னார், யாரும் வரவில்லை.

நிழலோடு சேர்ந்து மரத்தின் தூக்கமும் இங்கேயே தங்கிவிட்டது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. உச்சி வெயிலில் அந்த நிழலுக்குள் வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். நாய்கள் எழுந்திருக்கவே இல்லை. காத்தமுத்து சவாரிக்கு வந்தவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, எங்கே போகவேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஹேண்டில்பாரில் தலை சாய்த்துவிடுவான், சவாரியும் தூங்கிவிடும். பவுனம்மா மட்டும் தூங்கமாட்டாள். கையில் நெருப்பை வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் வராது போலும்.

அங்கே பெரிய ரோட்டில், கானகா ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், மரம் விழித்துக்கொண்டு நின்றது. அது என்ன மாதிரி ஹோட்டல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். அறைச் சாவி மரத்தில், பல் துலக்கும் பிரஷ் மூங்கிலில், இளநீருக்குக் காகிதக் குழல், அது உறிஞ்சுவதற்கு முன்பே கரைந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டில் நேற்று மிஞ்சிய சோற்றை மண் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு பூவை வைத்து, நாலு பேர் சூழ நின்று பரிமாறுவார்கள். அறையைக் காலி செய்யும்போது, நீங்கள் தங்கியதால் பூமி எவ்வளவு பிழைத்தது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதிக நாள் தங்கினால் அதிகம் பிழைக்கும், வீட்டிலேயே கிடந்தவன் பூமிக்கு ஒன்றும் செய்யாதவன். கூடத்துக்கு மேலே உள்ள கண்ணாடி போக, கூரை முழுக்கச் சோலார் பலகைகள், எங்களிடம் ஜெனரேட்டர் என்ற பேச்சே கிடையாது என்று வாசலிலேயே பெருமையாக எழுதியிருக்கும். பசுமைக்குத் தரம் பிரித்து இலை கொடுக்கும் சங்கம் ஒன்று அவர்களுக்கு ஏழு இலை கொடுத்திருந்தது, வயதான மரம் ஒன்றைக் கூடத்தில் வைத்ததற்காகவே அதில் இரண்டு இலை.

அந்த மரத்தடியில் உட்கார்ந்த விருந்தினர்களுக்குத்தான் முகம் கருகியது. கண்ணாடிக் கூரை வழியே இறங்கிய வெயில் கிளையையும் இலையையும் மதிக்காமல் நேரே அவர்கள் மண்டையில் விழுந்தது. காரணத்தை யாரும் ஆராயவில்லை. மரத்தடியில் மூங்கில் குடைகளை நட்டு, குடைக்கடியில் நாற்காலி போட்டார்கள். ராத்திரி பகலாக விளக்கு எரிந்ததால் மரம் இலை கூம்பவே இல்லை. அங்கே தங்கியவர்களுக்கும் தூக்கம் வரவில்லை, அதை ஆரோக்கியத்தின் அடையாளம் என்று சொல்லிப் பச்சையாக ஏதோ அரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள்.

அப்படித் தூங்காமல் தங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கோதண்டபாணி. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை வைத்திருப்பவர், அதற்காக வெட்டிய குழிகளை விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் என்பார்கள். பாவத்தைக் கரைக்க ராமேஸ்வரம் போவது அவருடைய அப்பா காலத்து வழக்கம். இவர் மாதம் தவறாமல் கானகாவில் வந்து தங்கி, சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார். ஒரு மதியம் ஹோட்டலின் பாட்டரி கார் அவரை ஏற்றிக்கொண்டு குறுக்கு வழியில் எங்கள் தெருவுக்குள் வந்து, சார்ஜ் தீர்ந்து நின்றது. வேறு கார் வரும்வரை உட்கார இடம் தேடியவர் பவுனம்மாவின் துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார். சாய்ந்தவர் விட்ட குறட்டையில் மாவு மில் சத்தம் கேட்காமல் போனது.

நிழல் கூம்பியபோது எழுந்து, கன்னத்தில் சேலை மடிப்பின் தடத்தோடு, குழந்தை மாதிரி விழித்தார். "ஏம்மா, நான் தூங்கிட்டனா?"

"தூங்கினியாவா? ரெண்டு தபா செத்துட்டியோன்னு மூக்காண்ட கைய வெச்சிப் பாத்தேன் சார். எந்திரி, நீ பட்த்துக்கினு கீறது டாக்டரம்மா பொடவ."

கோதண்டபாணி அழுதுவிட்டார். அவர் நன்றாகத் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஹோட்டலுக்குப் போய், உங்கள் ஏழு இலையும் எனக்கு வேண்டாம், அந்தத் தெருவில் ஒரு கட்டில் போடுங்கள், இல்லையென்றால் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அபிநந்தன் வந்தான். கானகாவின் பசுமைக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. கைத்தறிச் சட்டை, காதிப் பை, பார்ப்பவரையெல்லாம் மன்னித்துவிட்டதுபோல ஒரு சிரிப்பு. நிழலைச் சுற்றி நடந்தான், போனில் இருந்த மரத்தின் படத்தோடு கிளை கிளையாக ஒப்பிட்டுப் பார்த்தான், பிறகு பவுனம்மாவிடம் வந்தான்.

"அம்மா, ஆக்சுவலா இந்த நிழல் எங்களோடது."

"பேரு எய்திக்கீதா சார்?"

"மரத்தை முறைப்படி அனுமதி வாங்கி எடுத்திருக்கோம். மரத்தோட நிழல் மரத்தோடதானே சேரும்?"

"அப்ப இன்னாத்துக்கு வுட்டுட்டுப் போன? எட்த்துனு போ. நானா புடிச்சி வெச்சிக்கினு கீறேன்?"

எடுத்துக்கொண்டு போகத்தான் பார்த்தார்கள். ரோட்டை அறுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்து, நிழல் விழுந்த தாரைப் பாளம் பாளமாக அறுத்து, லாரியில் அடுக்கி, ஈரத்துணி போர்த்திக் கிளம்பினார்கள். லாரி நகர்ந்ததும் நிழல் பின்பக்கமாக வழுக்கி இறங்கி, அறுத்த பள்ளத்தில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. நாங்கள் கைதட்டினோம் என்பதையும் சொல்லவேண்டும், அதற்குள் பாதித் தெரு ரோடில்லாமல் போயிருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

நிழல் ஹோட்டலுக்கு வராவிட்டால் ஹோட்டல் நிழலுக்கு வரும் என்று அபிநந்தன் முடிவு செய்தான். தெருவை அழகுபடுத்துகிறோம் என்று மாநகராட்சியில் கையெழுத்து வாங்கி, மூங்கில் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, தேக்குக் கட்டில் போட்டு, பழைய பள்ளத்தில் தண்ணீர் விட்டுத் தாமரை மிதக்கவிட்டு, அதற்கு 'நிழல் சூட்' என்று பெயர் வைத்தான். கானகாவிலேயே உசத்தியான அறை எங்கள் தெருவில், சுவரும் இல்லாமல் கதவும் இல்லாமல், மாவு மில்லுக்கு எதிரே அமைந்தது. கோதண்டபாணி முதல் ஆளாக வந்து படுத்தார். அவரைத் தொடர்ந்து, பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தூக்கம் தொலைத்தவர்கள் வரிசையாக வந்து, அரைக்கால் சட்டையோடு எங்கள் நடுத்தெருவில் படுத்துத் தூங்கினார்கள்.

எங்களுக்கும் வேலை கொடுத்தார்கள். தெரு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும், ஆனால் சத்தம் இல்லாமல். காத்தமுத்துவுக்குக் காக்கிக்குப் பதில் இலைப் பச்சையில் சட்டை. ஆட்டோவில் சாய்ந்து பேப்பர் படிப்பதுதான் வேலை, வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது. வக்கீல் வீட்டம்மா விருந்தினர் கண் விழிக்கும் நேரத்துக்கு வந்து கோலம் போடவேண்டும், அவர் பத்து மணிக்கு எழுந்தால் பத்து மணிக்கு. மாவு மில்காரர் மில்லை நிறுத்திவிட்டு வாசலில் நின்று மாவு சலிப்பதுபோலச் சலித்தார். நாங்கள் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சட்டைத் துணி நல்ல துணி.

பவுனம்மாவும் ஒத்துக்கொண்டாள், வேறு வழி? அவளுக்குக் கரி இல்லாத பெட்டியைக் கொடுத்தார்கள். புகை பூமிக்கு ஆகாது, நீங்கள் தேய்க்கிற மாதிரி கையை மட்டும் ஆட்டினால் போதும் மேடம், பார்க்க அழகாக இருக்கிறது என்றான் அபிநந்தன். அவளும் குளிர்ந்த பெட்டியைப் பிடித்து, ஒரே சட்டையை, காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலும் கீழும் தடவிக்கொண்டு நின்றாள். தெருவில் எல்லோரும் கசங்கிய துணியோடு வேலைக்குப் போனோம். வக்கீலை நீதிபதியே ஒரு மாதிரி பார்த்தார் என்று கேள்வி. கடைசியில் ஒரு நாள், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போகிற பிள்ளைகளின் சீருடை மூட்டையாக வந்து நின்றபோது, பவுனம்மா யாரையும் கேட்காமல் தன் பழைய பெட்டியை எடுத்துக் கரி போட்டு விசிறினாள். கட்டிலில் படுத்திருந்த அம்மாள் ஒருத்தி இருமினாள்.

"மேடம், இது கார்பன்," என்றான் அபிநந்தன், உண்மையிலேயே வருத்தமாக.

"கரி இல்லாம சட்டய மடிக்கலாம் சார், தேய்க்க முடியாது."

அவள் வண்டியை எதிர்ப்பக்கம், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது சித்திரை மாசம். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மேலே சூரியனும் கையில் நெருப்புமாக அவள் தேய்த்தாள். துண்டு காய்ந்ததும் நனைத்துக்கொண்டாள், நனைத்ததும் காய்ந்தது. எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை, அவள் புருஷனும், அவனுக்குப் பின் அவளும் காலமெல்லாம் நின்ற நிழலில் யாரோ புரண்டு படுத்தார்கள். ஒரு நாள் அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டே மடங்கி உட்கார்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எங்களுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சலித்த மாவையே சலித்தோம், படித்த பேப்பரையே படித்தோம்.

இந்த அநியாயம் இன்னும் எத்தனை நாள் நடந்திருக்குமோ, ஹோட்டல்காரர்களே அதைக் கெடுத்துக்கொண்டார்கள். இலைச் சந்துகளின் வழியே வெயில் காசு காசாக இமைமேல் விழுகிறது, தூக்கம் கலைகிறது என்று ஒரு விருந்தினர் புகார் சொன்னார். விருந்தினர் சொன்னால் அப்பீல் கிடையாது. உடனே அபிநந்தன் தென்னங்கீற்றும் மூங்கிலுமாக, ஆணி கூட அடிக்காமல், கட்டிலுக்கு மேலே அருமையான கூரை ஒன்று போட்டான். நிழலுக்குக் கூரை. ஒரு ஓட்டைகூட இல்லை. நிழல் கொஞ்ச நேரம் கூரையின் முதுகில் கிடந்து பார்த்தது. கீழே இறங்க வழியில்லை, கீழே அதற்கு வேலையும் இல்லை. பிறகு எழுந்து, மாவு மில் சுவரில் ஏறி, மொட்டை மாடிகளில் காய்ந்த துணிகளையும் வடகத்தையும் தொட்டுக்கொண்டு, தன் மரத்தைத் தேடிப் பெரிய ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

"அக்கா, நிழலக் காணம்க்கா!" என்று காத்தமுத்து பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

பவுனம்மா எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, தேக்குக் கட்டில், கீற்றுக் கூரை; கூரையடியில் எல்லாக் கொட்டகையிலும் இருக்கிற இருட்டு, அவ்வளவுதான். என்றைக்காவது ஒரு நாள் இவர்கள் சலித்துப்போய்க் கிளம்புவார்கள், நிழல் மிஞ்சும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையும் போனபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நெழலு எங்க வேணா போவட்டும்டா. எம் மரம் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். ஒரு கை புடி."

காத்தமுத்து பச்சைச் சட்டையோடேயே வண்டிக்குக் கை கொடுத்தான். கரி கனன்றுகொண்டிருக்க, துணி மூட்டை குலுங்க, இஸ்திரி வண்டி பெரிய ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போனது.

கானகா இருண்டு கிடந்தது. மரத்துக்கு மேலே வந்த நிழல், வண்டியில்லாத மரத்தடிக்கு இறங்க மனமில்லாமல், கண்ணாடியைச் சுற்றியிருந்த சோலார் பலகைகளின் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டது. விளக்கில்லை, ஏசியில்லை, லிஃப்ட் இல்லை, வாசலில் எழுதி வைத்தபடியே ஜெனரேட்டரும் இல்லை. விருந்தினர்கள் சான்றிதழால் விசிறிக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். தானாகத் திறக்கும் கதவு திறந்தபடியே நின்றுபோயிருந்ததால் பவுனம்மாவை யாரும் தடுக்கவில்லை. மரம் மெலிந்திருந்தது, இலையெல்லாம் மஞ்சளாகி, தூங்காத கண் மாதிரி விரிந்துகிடந்தது. அடிவேரில், வருஷக்கணக்காக வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் ஒன்று இருந்தது. சக்கரத்தைச் சரியாக அதில் ஏற்றி நிறுத்தி, கல்லை அண்டைக் கொடுத்து, பெட்டியை எடுத்தாள். கண்ணாடிக் கூரையிலிருந்து நிழல் இறங்க ஆரம்பித்தது. கிளை கிளையாக, இலை இலையாக வழிந்து, அவள் தலையில், தோளில், பலகையில் விரித்த சட்டையில் வந்து படிந்தது. மேலே பலகைகளில் வெயில் பட்டு விளக்கெல்லாம் எரிந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

அபிநந்தன் அவளை வெளியே அனுப்பத்தான் பார்த்தான். வண்டி வாசலைத் தாண்டியதும் நிழல் திரும்ப மேலே ஏறியது, ஹோட்டல் இருண்டது. வண்டியை உள்ளே இழுத்தால் எரிந்தது. தள்ளிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, காவலாளிகள் களைத்துப்போனார்கள். கடைசியில் பவுனம்மாவின் கையில் மரச் சாவியைக் கொடுத்து, நீங்கள் எங்கள் விருந்தினர், விரும்பும்வரை தங்கலாம் என்று அபிநந்தன் கும்பிட்டான்.

இப்படித்தான் பவுனம்மா கானகாவில் தங்கினாள். குளியலறையில், துண்டைக் கொடியில் போட்டால் துவைக்கமாட்டோம், பூமியைக் காக்க உதவுங்கள் என்று எழுதியிருந்ததைக் காத்தமுத்து படித்துச் சொன்னபோது, "தோய்க்காததுக்கு இம்மாம் பெரும அடிச்சிக்கிறான்" என்று சிரித்துவிட்டு, துண்டைத் துவைத்து, காயவைத்து, தேய்த்து மடித்து வைத்தாள். தலையணைகளை அடுக்கி வைத்துவிட்டுத் தரையில் படுத்தாள், அணையாத விளக்கில் மரத்தைப்போலவே அவளுக்கும் தூக்கம் வரவில்லை. மண் கிண்ணத்தில் பழைய சோறு வந்தபோது பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வெங்காயம் கேட்டாள். எல்லாம் வசதிதான். ஆனால் அவள் தெருவின் துணியை யார் தேய்ப்பது?

தெருவே வந்தது. காத்தமுத்து ஆட்டோவில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். வக்கீல் வீட்டம்மா பின்னாலேயே வந்து, நேற்று கொடுத்த ரவிக்கை வரவில்லை என்று கூடத்தின் நடுவில் நின்று சண்டை போட்டாள். மாவு மில்காரர் லுங்கியோடு வந்து, நாற்காலி நன்றாக இருக்கிறதே என்று காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். பாவாடையும் பள்ளிச் சீருடையும் மூங்கில் குடைகளின் மேல் குவிந்தன. முதலில் விருந்தினர்கள் ஆசையாகப் படம் எடுத்தார்கள், வாழும் பாரம்பரியம் என்று அபிநந்தனும் விளக்கினான். வியாழக்கிழமை வரை சரியாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை பெண்கள் மஞ்சளும் குங்குமமுமாக வந்து கற்பூரத்தைக் கொளுத்த, கரிப் புகையோடு அதுவும் சேர்ந்து, கூரையில் இருந்த அலாரம் அலறி, தீயணைக்கும் தண்ணீர் கூடம் முழுக்க மழையாகக் கொட்டியது. எங்கள் பெண்கள் அம்மன் வந்துவிட்டாள் என்று குலவையிட்டார்கள்.

சொட்டச் சொட்ட நின்ற அபிநந்தன் முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டான். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"மரம் வூட்டுக்கு வர்ணும். அது வந்தா நான் போயிட்றேன். அதான் தூங்கலியே பாவம், பாத்தியா நீ?"

மரத்தை அனுப்பினால் இரண்டு இலை போய்விடும். அபிநந்தன் இலை கொடுக்கும் சங்கத்தோடு பேசினான், நாள் முழுக்கப் பேசினான். வயதான மரத்தை வைத்திருப்பதற்கு இரண்டு இலை என்றால், அதை நகரத்துக்கே தானம் செய்வதற்கு நாலு, ஆக மொத்தம் ஒன்பது என்று தெரிந்தபோது அவனுடைய சிரிப்பு திரும்ப வந்தது.

ஆக மரம் ஊர்வலமாகத் திரும்பி வந்தது. இந்த முறை ஜீப்புக்கு முன்னால் பேண்டு வாத்தியம். பள்ளத்தை மூட மாநகராட்சி இன்னும் வராததால் புதிதாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை, கட்டிலையும் கூரையையும் பிரித்து, தாமரையை எடுத்துவிட்டு அதிலேயே நட்டார்கள். மேடையில், எங்கள் மரத்தை எங்களுக்குக் கொடுத்த அபிநந்தனுக்குப் பொன்னாடை போர்த்தி, பெருந்தன்மை என்ற சொல்லை ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் போட்டிருந்த கைத்தறிச் சட்டையைக்கூடப் பவுனம்மாதான் தேய்த்துக் கொடுத்திருந்தாள். நாங்கள் கைதட்டினோம், தட்டிப் பழகிவிட்டது. பேண்டு ஓய்ந்த அந்தச் சாயங்காலம், ஹோட்டலுக்குப் போன நாளிலிருந்து விழித்துக்கொண்டே இருந்த மரம், மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கூப்பியது. தெரு முழுக்கக் கொட்டாவி விட்டது. பவுனம்மா வண்டியில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நாங்கள் பார்த்தோம்.

போகும்போது அவர்கள் மரத்தடியில் ஒரு தகட்டுப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். 'இந்த மரம் கானகா ஹோட்டலின் அன்பளிப்பு. மரத்தடியில் வண்டிகள் நிறுத்தக் கூடாது.' காத்தமுத்து அதைப் பிடுங்கி எறியக் கிளம்பினான். பச்சைச் சட்டைக்குப் பிராயச்சித்தம் செய்ய அவனுக்கு ஏதாவது தேவைப்பட்டது. பவுனம்மா விடவில்லை. "வுட்றா, அது பாட்டுக்கு நிக்கட்டும். நெழலு பாத்துக்கும்."

நிழல் பார்த்துக்கொண்டது. மரம் துளிர்த்து, கிளை நிறைந்து, தெருவே இருண்டபோதும், அந்தப் பலகையின் மேல் மட்டும் நிழல் விழவே இல்லை. அடர்ந்த நிழலின் நடுவில் சதுரமாக ஒரு வெயில், அதற்குள் பலகை. அக்னி நட்சத்திரம் முதலில் 'அன்பளிப்பு' என்பதைத் தின்றது, பிறகு 'கானகா' உரிந்தது, கடைசியில் 'கூடாது' சுருண்டு உதிர்ந்தது. எழுத்தெல்லாம் போய் வெறும் தகடான பிறகு, பவுனம்மா அதைக் கழற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, தன் வண்டியின் ஓரத்தில் பதித்துக்கொண்டாள். துணி மடிக்கும்போது கொதிக்கிற பெட்டியை இப்போது அதன்மேல்தான் வைக்கிறாள்.